பாடம் வாசிக்கும் முறை

பாளையங்கோட்டையில்
சமாதானபுரம் நிறுத்தத்தில் இறங்கித்தான்
மனநல டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும்.
கண்டக்டர் பெயரைக் கூவியபோது
எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வியர்த்தது.

ஹைகிரவுண்டில் எடுத்த ஈசிஜியில்
கோடு ஒழுங்காகவே ஓடியிருந்தது.
"காரணம் ஏதாவது?" என்றார் டாக்டர்.
கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர்.
பதினெட்டு வருடம். ஒரு ரூபாய் குறைந்ததில்லை.
சாயங்காலம் கணக்கு நேராகிவிடும்,
பெட்டகத்தைப் பூட்டிவிடுவேன்,
ராத்திரி இரண்டு மணிக்குப் பாயில் கிடந்தபடி
மறுபடி எண்ணத் தொடங்குவேன்
இல்லாத நோட்டுகளை.
காரணம் ஒன்று இருந்திருந்தால்
அதன் கழுத்தைப் பிடித்திருக்கலாம்.

எங்கள் ஊர் பணகுடிக்குக் கிழக்கே.
ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று
முருங்கையை முறிக்கும்,
காயப்போட்ட சேலையைக் கொடியோடு கொண்டுபோகும்.
வீட்டுக்குப் பின்னால் காற்றாலை.
நிலா வெளிச்சத்தில் அதன் இறக்கை நிழல்
சுவரைத் தடவித் தடவிப் போகும்.
அது சுற்றினால் கரண்டாவது வருகிறது.
எனக்குள் சுற்றுவதில் ஒரு பல்பும் எரியவில்லை.

விசுவாசக் குறைவு என்றார் ஜெபக்குழுவில் ஒருவர்.
இருக்கலாம்.
எதையும் எண்ணிவிடுகிற எனக்கு
அதை எண்ணத் தெரியவில்லை.
எமில்டா ஒன்றும் சொல்லாமல்
மாத்திரையைப் பாதியாக உடைத்துச்
செம்பு மூடிமேல் வைத்தாள்.
சோற்றுக்குச் சொல்வதுபோலவே
அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள்.

அந்த ஞாயிறு பாடம் வாசிக்கும் முறை எனக்கு.
சேகரகுரு குறித்துக் கொடுத்திருந்த பகுதி
விதைக்காத குருவிகளையும்
நூல் நூற்காத பூக்களையும் பற்றியது.
வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்க நினைத்து
கேட்காமலே ஏறிவிட்டேன்.

குருவிவரை வந்தேன். பூவையும் தாண்டினேன்.
'நாளை' என்ற சொல்லில் கால் வைத்ததும்
தரை இறங்கியது.
சீனி டப்பாவைத் தட்டினாற்போல்
எழுத்தெல்லாம் எறும்பாய்க் கலைந்தன.
இடது கை மரத்தது.
மைக் என் மூச்சை மட்டும்
ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.
கர்த்தாவே என்றுகூட வரவில்லை.

பெண்கள் பக்கம், மூன்றாவது தூணருகே,
பாயில் உட்கார்ந்தபடியே
ஒரு கட்டைக் குரல்
நான் விட்ட இடத்தில் எடுத்தது.
தங்கபுஷ்பம்.
உவரியில் மீன் எடுத்து வந்து விற்கிறவள்.
என் ஜன்னலில் கையெழுத்துக்குப் பதில்
கட்டைவிரல் பதிக்கிறவள்.
அவள் கம்மல் எங்கள் பெட்டகத்தில்.
மூன்று தவணை வட்டி நிற்கிறது.
புதன்கிழமை நோட்டீஸ் போகிறது,
டைப் அடித்ததே நான்தான்.
நாளையைக் கண்டு பயப்பட
அந்தக் கோயிலில் யாருக்காவது உரிமை உண்டென்றால்
அவளுக்கு.

இரண்டு சொல்லை இடம் மாற்றிச் சொன்னாள்.
யாரும் திருத்தவில்லை.
அடுத்த தூணிலிருந்து இன்னொருத்தி சேர்ந்தாள்,
பிறகு ஆண்கள் பக்கம் சிலர்,
கொஞ்சம் முந்தியும் பிந்தியுமாக.
பாடம் முடிந்தது என்று சொல்ல மட்டும்
எனக்குக் குரல் திரும்பியது.

வாசலில் ஒருவரும் என்ன ஏதென்று கேட்கவில்லை.
கோயில்பிள்ளை மைக்கைத் திட்டினார்,
கண்டம் பண்ணவேண்டிய மைக் என்று.
தங்கபுஷ்பம் செருப்பைத் தேடிக்கொண்டே,
"அண்ணாச்சி, நாளைக்குச் சாளை வரும்லா,
ஒரு கூறு எடுத்து வய்க்கட்டா?" என்றாள்.
வை என்றேன்.

அன்றும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
நிழல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது,
நெஞ்சும் தன் பாட்டுக்கு அடித்தது.
புதனுக்கு முன்னால் அவளிடம் நோட்டீஸைச் சொல்லவேண்டும்,
தவணைக்கு ஒரு மனு எழுதித் தரவேண்டும்.
பிறகு வழக்கம்போல் எண்ண ஆரம்பித்தேன்,
ஒரு கூறுக்கு எத்தனை சாளை வைப்பாள் என்று.
பன்னிரண்டோ, பதினாலோ.
அதற்குமேல் நினைவில்லை.